கொழுந்து வறுத்த கை

"அண்ணே, உடம்பு இளைக்கிற டீ இருக்கா?"

சின்னமனூரில் என் தேயிலைக் கடைக்கு நாளொன்றுக்கு இரண்டு பேராவது இப்படிக் கேட்டுக்கொண்டு வருகிறார்கள். பெயர் தெரிந்தவர்கள் கிரீன் டீ என்பார்கள். தெரியாதவர்கள், "அந்தப் பச்சையா இருக்குமே, எங்க டீச்சரம்மா குடிக்கிறாகளே, அது" என்று அடையாளம் சொல்வார்கள். அடுத்து என்ன கேட்பார்கள் என்பதும் எனக்கு மனப்பாடம். சர்க்கரைக்குக் கேட்குமா, கொழுப்பைக் கரைக்குமா, தொப்பை குறையுமா? கடை திறந்து 12 வருடம் ஆகிறது. "ருசியா இருக்குமா?" என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை.

33 வருடம் தேயிலை ஃபேக்டரியில் கிடந்தவனுக்கு இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும். பிரியாணி மாஸ்டரிடம் போய், "உங்க பிரியாணி மூட்டு வலிக்குக் கேட்குமா?" என்றால் அவர் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார். நான் அப்படிச் செய்வதில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உட்காருங்க, முதல்ல ஒரு வாய் குடிங்க. மருந்துக் கணக்கை அப்புறம் பேசுவோம்" என்பேன். தண்ணீர் கொதித்து ஆறும் நேரத்தில் அவர்களிடம் சொல்லும் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

*

நான் பிறந்தது மேகமலையில், ஒரு எஸ்டேட் லைன் வீட்டில். பழைய ஆட்கள் அந்த மலையைப் பச்சைக்கூமாச்சி என்பார்கள். வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் ஹைவேவிஸ். சின்னமனூரிலிருந்து தென்பழனி தாண்டி 18 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். இப்போது ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பூவின் பெயரைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் சிறுவயதில் பலகையும் கிடையாது, பூவும் கிடையாது. எத்தனையாவது வளைவில் யார் வாந்தி எடுத்தார்கள் என்பதுதான் அடையாளம். கீழே பள்ளத்தாக்கில் நெல்லும் வாழையும் திராட்சையும். மேலே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், மேகமும் தேயிலையும்.

அம்மா கொழுந்து கிள்ளுகிறவர். இரண்டு இலை, ஒரு கொழுந்து. பார்க்கிறவர்களுக்கு அது கண் வேலை மாதிரி தெரியும். அம்மாவுக்கு அது விரல் வேலை. முற்றின காம்பு விரலுக்குள் முறியாது, இளங்காம்பு 'டக்'கென்று விட்டுக்கொடுக்கும். அந்தச் சத்தம் கேட்காத இலையை அம்மா கூடையில் போட்டதே இல்லை.

அப்பா வழித் தாத்தாவுக்கும் தேயிலைதான் சோறு போட்டது. ஆனால் அவர் தேயிலைச் செடியைப் பார்த்ததே இல்லை. அவர் போடியில் வண்டிக்காரர். மூணாறு மலையில் 1880-இல் ஏ.எச். ஷார்ப் என்ற வெள்ளைக்காரர் பார்வதி என்ற இடத்தில் முதன்முதலாகத் தேயிலை நட்டார். பின்னாளில் அங்கே விளைந்த தேயிலை எல்லாம் கப்பலேற எங்கள் ஊர்ப் பக்கம்தான் இறங்கியது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை குட்டி ரயில். அது 1908-இல் ஓடத் தொடங்கியது. டாப் ஸ்டேஷனிலிருந்து மலையடிவாரத்துக் கொட்டகுடிக்கு ரோப்வே. கம்பியில் தொங்கிக்கொண்டே பெட்டிகள் அந்தரத்தில் இறங்கும். கொட்டகுடியிலிருந்து போடிக்கு மாட்டு வண்டி. கடைசியில் தூத்துக்குடித் துறைமுகம், அங்கிருந்து சீமை.

1924 ஜூலையில் வந்த பெருவெள்ளம் குட்டி ரயிலை வழித்துக்கொண்டு போய்விட்டது. போடிக்கு மதுரையிலிருந்து ரயில் வந்தது 1928-இல். தாத்தா தன் ஆயுளையே 'வெள்ளத்துக்கு முன்னால, வெள்ளத்துக்குப் பின்னால' என்று இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார். "அம்புட்டுப் பெட்டி ஏத்தி இறக்கியிருக்கேன்யா, ஒரு மடக்குக் குடிச்சதில்ல" என்பார். அவர் வண்டியில் தேயிலைப் பெட்டி இருக்கும், தூக்குவாளியில் கம்பங்கூழ் இருக்கும்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு வேடிக்கை உண்டு. கம்பத்திலிருந்து குமுளிக்குப் போனால், இந்தப் பக்கம் 'டீ' என்று கேட்டுக் குடிப்பதை அந்தப் பக்கம் 'சாயா' என்று கேட்க வேண்டும். இரண்டுமே சீனாவிலிருந்து வந்த சொற்கள்தான். சீனத்தில் எழுத்து ஒன்று, உச்சரிப்பு வட்டாரத்துக்கு வட்டாரம் வேறு. ஃபூஜியன் கடற்கரையில் அதை 'தே' என்றார்கள். அங்கே சரக்கெடுத்த டச்சு வணிகர்கள் வழியாக ஐரோப்பாவுக்குப் போய் 'டீ' ஆனது. நம் 'தேயிலை'க்குள் உட்கார்ந்திருப்பதும் அதே 'தே'தான். மற்ற இடங்களில் 'ச்சா' என்றார்கள். அது நிலவழியிலும் மக்காவ் துறைமுக வழியிலும் பரவி வட இந்தியாவில் 'சாய்' ஆனது, மலையாளத்தில் 'சாயா' ஆனது. சீனாவின் இரண்டு உச்சரிப்புகள் எங்கள் குமுளிச் செக்போஸ்ட்டில் எதிரெதிரே நிற்கின்றன.

*

1981-இல் நான் ஃபேக்டரியில் சேர்ந்தேன். முதல் வேலை மாடியில், கொழுந்து வாட்டுகிற இடத்தில். பறித்து வரும் பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதை நீளத் தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு, இரவு முழுக்க வாட்டுவோம். வாடிய கொழுந்தைக் கைப்பிடியில் இறுக்கிப் பிடித்துவிட்டு விரித்தால் அது உடனே நிமிரக் கூடாது. பந்தாக நின்று மெதுவாக அவிழ வேண்டும். அதுதான் பதம். அப்புறம் மிஷினில் கொடுத்து நசுக்க வேண்டும். நசுங்கிய இலைச்சாறு காற்றில் பட்டதும் நிறம் மாறத் தொடங்கும். பச்சை போய் செம்பு நிறம் வரும். கூடவே ஆப்பிள் பழுத்த மாதிரி ஒரு வாசம் எழும். அந்த வாசம் உச்சிக்குப் போன நிமிஷத்தில் டிரையருக்குள் தள்ளி ஈரத்தை 3 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் கறுப்புத் தேயிலை. சுமார் நாலரைக் கிலோ கொழுந்து ஒரு கிலோ தூளாகும்.

நீங்கள் டீக்கடையில் குடிப்பது பெரும்பாலும் சி.டி.சி. தூள். பல் வைத்த இரண்டு உருளைகளுக்கு நடுவே கொழுந்தை நசுக்கி, கிழித்து, சுருட்டித் தள்ளும் இயந்திரம் அது. 1930-இல் அசாமின் அம்கூரி தோட்டத்தில் வில்லியம் மெக்கெர்ச்சர் என்பவர் அதைச் செய்தார். பாலோடு சேர்ந்தாலும் நிறமும் காரமும் அடங்காமல் நிற்கிற தூள் அதில்தான் கிடைக்கும். நம் பாய்லர் டீக்கு அதுதான் பொருத்தம். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஃபேக்டரியில் எங்களுக்கெல்லாம் பெரியவர் டீ மேக்கர் ஐயா. குன்னூர்ப் பக்கத்துக்காரர். தூளை நாக்கில் வைக்காமலேயே, உள்ளங்கையில் கொட்டி மூக்கருகே கொண்டுபோய், "நேத்து ராத்திரி வாட்டத்துல ஃபேனை நிப்பாட்டிட்டுத் தூங்கினது யாரு?" என்று கேட்பார். தூங்கினவன் நானாகத்தான் இருப்பேன்.

1987-இல் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவர் என்னைக் கூப்பிட்டார். மேஜையில் ஒரு சின்னத் தகர டப்பா. குன்னூர் ஏலத்துக்குப் போனபோது யாரோ பழக்கக்காரர் கொடுத்ததாம். சீனத்து ஹாங்சோ நகரத்து லோங்ஜிங் தேயிலை. திறந்து பார்த்தேன். சுருளாமல், தட்டையாக, புத்தகத்துக்குள் வைத்து அமுக்கிய புல் மாதிரி இருந்தது. ஐயா கண்ணாடி டம்ளரில் நாலு சிட்டிகை போட்டு வெந்நீர் ஊற்றினார். இலைகள் மிதந்து, தடுமாறி, ஒவ்வொன்றாகச் செங்குத்தாகக் கீழே இறங்கின. நிறம் இளநீரில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்ட மாதிரி. குடித்தேன். ஒன்றுமே இல்லாதது போலிருந்தது. இரண்டாவது மடக்கில் வறுத்த பச்சைப்பயறு வாசம் வந்தது.

"இதை நம்ம கொழுந்துல செய்ய முடியுமாங்கய்யா?"

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் பழைய காட்டுக்கு வா" என்றார்.

*

பழைய காடு என்று நாங்கள் சொன்ன சரிவில், விதை போட்டு வளர்த்த வயதான செடிகள் கொஞ்சம் நின்றன. இலை சின்னது, தடிப்பு, கரும்பச்சை. தோட்டத்தில் அவற்றைச் 'சைனாச் செடி' என்போம். தேயிலையில் முக்கியமாக இரண்டு வகை. அசாம் வகைக்குப் பெரிய இலை; விட்டால் மரமாகும். சீன வகைக்குச் சின்ன இலை; தூரிலிருந்தே பல கிளையாகப் புதர் கட்டும், குளிரைத் தாங்கும், மெதுவாகத் துளிர்க்கும். மகசூல் குறைவு, மணம் கூடுதல்.

அம்மா அன்றைக்கு ஒரு கொழுந்து, ஒரு இலை மட்டும் கிள்ளினார். தினமும் 25, 30 கிலோ கிள்ளுகிற கை, பனி விலகுவதற்குள் இரண்டு கிலோதான் சேர்த்தது. எஸ்டேட் கேன்டீனில் வடை சுடுகிற இரும்புச் சட்டியை வாங்கி வந்தேன். ஐயா முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். தேயிலை மாதிரி வாசம் இழுக்கிற பொருள் வேறில்லை. மசால்வடைச் சட்டியில் வறுத்தால் தேநீரும் மசால்வடைதான். சாம்பல் போட்டு மூன்று தரம் தேய்த்து, காயவைத்து, சட்டியை அடுப்பில் ஏற்றினோம்.

முதல் ஈடு அரைக்கிலோ. கருகிவிடுமோ என்ற பயத்தில் நான் தீயைக் குறைத்து வைத்தேன். கொழுந்து சுண்டியது. ஆனால் கொஞ்ச நேரத்தில் காம்பெல்லாம் சிவந்துவிட்டது. ஐயா ஒரு காம்பை எடுத்துக் காட்டி, "பாரு, சாகாம பாதி உசுரோட கெடக்கு" என்றார். இரண்டாவது ஈட்டில் ரோஷப்பட்டுத் தீயை ஏற்றினேன். ஓரங்கள் பொரிந்து கறுத்தன. சுருட்டுக் கடை வாசம்.

ஓரமாகத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏய்யா, அகத்திக்கீரை வதக்கத் தெரியாதா உனக்கு? சட்டி நல்லாக் காயணும். கீரை விழுந்ததும் சடசடன்னு சத்தம் வரணும். பச்சை வாடை போயி வேக்காட்டு வாடை வந்ததும் கை நிக்கக் கூடாது, தீயை இழுத்துடணும்" என்று சொல்லி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். மூன்றாவது ஈடு அம்மாவுடையது. வெறும் கையால் புரட்டினார். அள்ளி, உதறி, ஆவி போகவிட்டு, சட்டியின் பக்கத்தில் அழுத்தி, மறுபடி அள்ளி. நாலைந்து நிமிஷத்தில் சட்டிக்குள் பச்சைப் புல் வாசம் மறைந்து, நெல் அவிக்கும் களத்து வாசம் எழுந்தது. ஐயா ஒன்றும் பேசவில்லை. கைகூப்பினார்.

"இதைத்தான் தம்பி சீனாக்காரன் ஷாசிங் என்கிறான். பச்சையைக் கொல்றது என்று அர்த்தம்" என்றார் பிறகு.

விஷயம் இதுதான். பறித்த கொழுந்துக்குள் ஒரு நொதி இருக்கிறது. நறுக்கி வைத்த ஆப்பிளையும் வாழைக்காயையும் கறுக்க வைப்பது அதே குடும்பத்து நொதிதான். இலை நசுங்கினால் அது வேலையைத் தொடங்கி, இலையிலுள்ள கேட்டசின் என்ற துவர்ப்புச் சத்தைக் காற்றின் துணையோடு சிவப்புச் சத்தாக மாற்றிவிடும். கறுப்புத் தேயிலைக்கு அந்த வேலை முழுதாக நடக்க வேண்டும். பச்சைத் தேயிலைக்குத் தொடங்கவே கூடாது. சுமார் 200 டிகிரிக்குக் காய்ந்த சட்டியில் கொழுந்தைப் போட்டு, அதன் சூட்டைச் சட்டென்று 80 டிகிரிக்கு மேல் கொண்டுபோனால் நொதி செத்துவிடும். மெதுவாகச் சூடேற்றினால், சாவதற்கு முன் அது உற்சாகமாக வேலை பார்க்கும். என் முதல் ஈட்டுக் காம்பு சிவந்தது அதனால்தான். சூடு மிஞ்சினால் நொதியோடு மணமும் செத்துவிடும். என் இரண்டாவது ஈட்டுக்கு நேர்ந்தது அது. அம்மாவுக்கு நொதியும் தெரியாது, டிகிரியும் தெரியாது. கீரை தெரியும்.

*

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இந்த வித்தையின் பூர்வீகத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். தேயிலைச் செடியின் தாய்வீடு தென்மேற்குச் சீனத்து யுன்னான் பக்கத்து மலைகள். எட்டாம் நூற்றாண்டில் லூ யூ என்பவர் தேயிலைக்காகவே 'ச்சா ஜிங்' என்ற நூல் எழுதினார். அவர் காலத்தில் இலையை ஆவியில் அவித்து, இடித்து, அச்சில் வைத்துக் கட்டியாக்கிக் காயவைப்பார்கள். குடிக்கும்போது பொடித்துப் போட வேண்டும். 1391-இல் மிங் வம்சத்தின் முதல் பேரரசர், அரண்மனைக்குக் கட்டித் தேயிலை அனுப்ப வேண்டாம், உதிரி இலை போதும் என்று உத்தரவிட்டார். கட்டி செய்வது குடியானவர்களுக்குப் பெரும் பாடாக இருந்தது. அதற்குப் பிறகு உதிரி இலையைச் சட்டியில் வறுக்கும் முறை ஓங்கியது. ஜப்பான்காரர்கள் மட்டும் இன்றுவரை பெரும்பாலும் ஆவியில்தான் அவிக்கிறார்கள். அவர்களுடைய பச்சைத் தேநீரில் கடல்பாசி வாசம் தூக்கலாக இருப்பதும், சீனத்து லோங்ஜிங்கில் வறுபட்ட வாசம் நிற்பதும் இதனால்தான்.

லோங்ஜிங் என்றால் டிராகன் கிணறு. ஹாங்சோவின் மேற்கு ஏரியை ஒட்டிய மலைக் கிராமம் அது. ஏப்ரல் முதல் வாரத்தில் வரும் சிங்மிங் நாளுக்கு முன் கிள்ளிய கொழுந்துக்கு அங்கே தனி விலை. வறுக்கிறவர் வெறும் கையைத்தான் காய்ந்த சட்டிக்குள் விடுவார். அள்ளுவது, உதறுவது, தேய்ப்பது, அமுக்குவது என்று பத்துவகைக் கைவாகு உண்டு என்பார்கள். இலை தட்டையாவது அந்த அமுக்கலில். படித்தபோது எனக்கு அம்மாவின் கைதான் நினைவுக்கு வந்தது. 2022-இல் சீனாவின் மரபுத் தேயிலைத் தயாரிப்பை யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

வெளிநாட்டார் இதைப் புரிந்துகொள்ள ரொம்ப நாள் ஆனது. பச்சைத் தேயிலையும் கறுப்புத் தேயிலையும் இரண்டு வேறு செடிகள் என்று லின்னேயஸ் போன்ற பெரிய தாவரவியலாளரே நம்பி இரண்டு பெயர் வைத்திருந்தார். 1840-களில் ராபர்ட் ஃபார்ச்சூன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சீனாவுக்குள் வேஷம் போட்டுத் திரிந்துதான், செடி ஒன்றே, செய்முறைதான் வேறு என்று கண்டுகொண்டார். இன்னொன்றையும் அவர் பார்த்தார். ஏற்றுமதிப் பச்சைத் தேயிலை பார்க்கப் பளிச்சென்று இருப்பதற்காக, வேலையாட்கள் அதில் பிரஷ்யன் நீலமும் ஜிப்சமும் கலந்து கொண்டிருந்தார்கள். வெளிநாட்டான் அந்த நிறத்தைத்தான் விரும்புகிறான் என்றார்களாம். அவர்களோ அதைக் குடிப்பதில்லை. இன்றைக்கும் "நல்லாப் பச்சையா இருக்கிறதாக் குடுங்க" என்று கேட்கிறவர்களுக்கு நான் இந்தக் கதையைத் தவறாமல் சொல்வேன். நல்ல வறுத்த பச்சைத் தேயிலை கொஞ்சம் மஞ்சள் ஓடித்தான் இருக்கும்.

சீனச் செடி நம் மலைகளுக்கு வந்தது 1830-களில். கல்கத்தாவில் முளைக்க வைத்த சீன விதைக் கன்றுகளில் கொஞ்சம் நீலகிரியின் கேத்திப் பண்ணைக்கு வந்தன. புதுச்சேரியிலிருந்து வந்த பெரோத்தே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் அவற்றைக் கவனித்துக் காப்பாற்றினார். 1850-களில் மான் என்பவர் குன்னூரில் சீன விதையிலிருந்து தோட்டம் போட்டார். அதே காலத்தில் நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகளைப் பற்றியும் கதை உண்டு. நடுவட்டம் பக்கம் அடைக்கப்பட்டிருந்த அவர்கள் விடுதலைக்குப் பின் தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறி பயிரிட்டு, மாடு வைத்துப் பிழைத்ததை எட்கர் தர்ஸ்டன் எழுதி வைத்திருக்கிறார். தேயிலைத் தோட்டத்திலும் அவர்கள் வேலை பார்த்தார்கள் என்று தோட்டக்காரர்கள் சொல்வது வழக்கம். டீ மேக்கர் ஐயா, "என் மூக்கு கொஞ்சம் சப்பை, கவனிச்சியா?" என்று சிரிப்பார். விளையாட்டா, நிஜமா என்று கடைசிவரை சொல்லவில்லை.

*

இனி ருசிக்கு வருவோம். கிரீன் டீ கசக்கிறது என்று முகம் சுளிக்கிறவர்கள் எல்லாருமே கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, பத்து நிமிஷம் ஊறவிட்டுக் குடித்தவர்கள். நம் டீ கொதித்தால்தான் இறங்கும். இது அப்படியில்லை. தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, ஐந்தாறு நிமிஷம் ஆறவிட வேண்டும். 75, 80 டிகிரி போதும். பாத்திரத்தின் அடியில் நண்டுக்கண் மாதிரிக் குமிழ் எழும் பதம் என்பது சீனர் கணக்கு. ஒரு டம்ளருக்கு ஒரு சின்ன ஸ்பூன் இலை. இரண்டு நிமிஷத்தில் வடித்துவிட வேண்டும். அதே இலையில் இரண்டாவது, மூன்றாவது தரமும் ஊற்றலாம். இரண்டாவது டம்ளரைத்தான் எனக்குப் பிடிக்கும்.

நிதானமாகக் குடித்தால் முதலில் ஒரு மெல்லிய இனிப்பு. அது தியானின் என்ற அமினோ அமிலம் தருவது. மேகமும் நிழலும் உள்ள மலைக் கொழுந்தில் அது கூடுதல். அப்புறம் வறுத்த பயறு, பச்சைக் கொண்டைக்கடலை, மழை நின்ற புல்தரை. கடைசியில் நாக்கின் ஓரத்தில் துவர்ப்பு. கம்பம் பன்னீர் திராட்சையின் தோலை மென்றால் வருமே, அந்த இழுப்பு. குடித்து முடித்துக் கொஞ்ச நேரம் கழித்துத் தொண்டையில் ஒரு தித்திப்பு ஊறும். சீனர்கள் அதைத் திரும்பி வரும் இனிப்பு என்கிறார்கள். நமக்கு அது புதிதல்ல. நெல்லிக்காயைத் தின்றுவிட்டுப் பச்சைத்தண்ணீர் குடித்த பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும்.

*

மருந்துக் கணக்கு. நர்சிங் படித்த என் மகள் படித்துச் சொன்னதையும், வீட்டில் அனுபவப்பட்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

நொதியைக் கொன்றுவிடுவதால் பச்சைத் தேயிலையில் கேட்டசின் அப்படியே தங்குகிறது. அதுதான் இதன் பெருமை. ஜப்பானில் ஓசாகி என்ற பகுதியில் 40,530 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், நாளைக்கு ஐந்து கப்போ அதற்கு மேலோ பச்சைத் தேநீர் குடித்தவர்களிடம் இதய, ரத்தநாள நோய்ச் சாவு குறைவாக இருந்தது. பெண்களிடம் இந்த வித்தியாசம் கூடுதல். புற்றுநோய்ச் சாவில் வித்தியாசம் இல்லை. தேநீர்தான் காப்பாற்றியது என்று அடித்துச் சொல்ல இது போதாது. அவர்கள் மீன் தின்பதும் நடப்பதும்கூடக் கணக்கில் உண்டு. உடம்பு இளைக்கும் கதைக்கு இன்னும் பலம் குறைவு. பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் குழு 2012-இல், எடைக் குறைவு மிகச் சொற்பம், மருத்துவக் கணக்கில் பொருட்படுத்தத் தக்கதல்ல என்று சொல்லிவிட்டது.

பின்னே ஏன் குடிக்க வேண்டும்? எனக்குத் தெரிந்த நேரடி லாபம் ஒன்று. நம் ஊர்ப் பால் டீ ஒன்றுக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை. நாளைக்கு ஐந்து டீ குடிக்கிற ஆட்டோக்காரத் தம்பி, அதில் மூன்றைச் சர்க்கரை போடாத பச்சைத் தேநீராக மாற்றினால் ஆறு ஸ்பூன் சர்க்கரை மிச்சம். அந்த லாபத்துக்கு எந்த ஆய்வும் தேவையில்லை.

எச்சரிக்கைகளும் உண்டு. பச்சைத் தேயிலைச் சாரத்தை மாத்திரையாக்கி விற்கிறார்கள். ஒரு மொத்த வியாபாரி என் கடையிலும் வைக்கச் சொல்லி நல்ல கமிஷன் காட்டினார். நான் வைக்கவில்லை. ஈ.ஜி.சி.ஜி. என்ற கேட்டசின் மாத்திரை வழியாக ஒரு நாளைக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் போனால் கல்லீரலுக்கு ஆபத்து என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் சொன்னது. டம்ளரில் குடிப்பதை யாரும் அப்படிப் பயமுறுத்தவில்லை. எந்தப் பானமானாலும் 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு வழி வகுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-இல் சொன்னதையும் மறக்க வேண்டாம். கர்ப்பிணிகளும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கடைசியாக அம்மா விஷயம். கூடை நிறையக் கொழுந்து சுமந்த அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதில் மேடு ஏற மூச்சு வாங்கியது. நகமெல்லாம் வெளுத்திருந்தது. ரத்தத்தில் இரும்புச் சத்து இல்லை என்றார் மருத்துவர். "கீரை, கேப்பைக் களி, கருவாடு எல்லாம் திங்கிறேனே சாமி" என்றார் அம்மா. சாப்பாட்டோடு என்ன குடிக்கிறீர்கள் என்று மருத்துவர் கேட்டார். கட்டஞ்சாயா, அதாவது பால் விடாத கறுப்பு டீ. காலைக் களிக்கும், மதியச் சோற்றுக்கும், ராத்திரிக் கஞ்சிக்கும் அதுதான். தேநீரின் துவர்ப்புச் சத்து, கீரையிலும் கேப்பையிலும் உள்ள இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. பச்சையானாலும் கறுப்பானாலும் கதை ஒன்றுதான். சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் நடுவே ஒரு மணி நேரம் இடைவெளி விடச் சொன்னார். மாத்திரையும் கொடுத்தார். ஆறு மாதத்தில் அம்மா பழையபடி மேடு ஏறினார். ஆயுள் முழுக்கத் தேயிலையில் நின்றவருக்கு அதை எப்போது குடிக்கக் கூடாது என்று யாருமே சொன்னதில்லை. அதனால், கடைக்கு வரும் பெண்களிடம் மற்ற எதைச் சொல்ல மறந்தாலும் இதை மறப்பதில்லை.

*

அன்றைக்கு மூன்றாவது, நாலாவது ஈட்டில் தேறியது இரண்டு கைப்பிடி. அதில் ஐயாவும் அம்மாவும் நானும் ஆளுக்கு ஒரு டம்ளர் குடித்தோம். அம்மா மெல்லக் குடித்துவிட்டு, "கீரைத்தண்ணி மாதிரி இருக்கும்னு நெனச்சேன். இது நெல்லிக்காய் மாதிரில்ல இருக்கு" என்றார். மிச்சத்தை ஐயா டப்பாவில் போட்டு எடுத்துப் போனார். விற்பனைக்குச் செய்ய மேலிடம் சம்மதிக்கவில்லை. அந்தக் காலத்தில் வாங்க ஆளும் இல்லை. இன்றைக்கு நீலகிரியிலும் மூணாறிலும் எங்கள் மேகமலையிலும் செய்த நல்ல பச்சைத் தேயிலை கிடைக்கிறது. பைக்குள் அடைத்த தூசியை விட முழு இலையாக வாங்குங்கள். ஐம்பது கிராம் வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில், மசாலா டப்பாவுக்குத் தள்ளி வையுங்கள். ஆறு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

வீட்டில் போட்டுக் குடித்து, கசந்தால் இலையைத் திட்ட வேண்டாம். தண்ணீரை இன்னும் இரண்டு நிமிஷம் ஆறவிட்டு மறுபடி ஊற்றிப் பாருங்கள்.